வெயிலுக்கும் குத்தகை! கூலிக்காரனுக்கு என்ன கிடைக்கும்?

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த ஆண்டு 1902.

சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தில் சக்கரம் சுழன்றது. அங்கே பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாக ஓடி, சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு நீளமான மின்பாதை அபூர்வம். வெள்ளைக்கார என்ஜினீயர்களே வியந்து பார்த்த வேலை அது.

பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். 1905-ல்!

மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி அய்யர் காலத்தில் தொடங்கிய திட்டம். விளக்கு எரிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1901-ல் காலமாகிவிட்டார்.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து பிழைக்கப் போன தமிழர்கள். கரி எரிக்காமல், புகை இல்லாமல் வந்த அந்த மின்சாரத்துக்கு இன்று "பசுமை மின்சாரம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் புதிது. சரக்கு பழையதுதான்.

நூறு ஆண்டுகள் சுரங்கம் ஓடியது. 2001-ல் மூடினார்கள். கம்பியில் மின்சாரம் இருந்தது, வேலைதான் இல்லை. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் விடியற்காலையில் டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் ரெயிலைப் பிடிக்க ஓடினார்கள். இன்றும் ஓடுகிறார்கள்.

இப்போது அதே கர்நாடகத்தில் பசுமை மின்சாரத்தின் அடுத்த கட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை தண்ணீர் இல்லை, வெயில். இதில் யாருக்கு வேலை? எவ்வளவு காலத்துக்கு? பீனியாவிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. காரணம், "சோலார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், போகலாமா அண்ணே?" என்ற பேச்சு இப்போது டீக்கடைக்கு டீக்கடை கேட்கிறது.

பாவகடா

பெங்களூரில் இருந்து மதுகிரி வழியாக வடக்கே போனால் தும்கூர் மாவட்டத்தின் கடைசித் தாலுகா, பாவகடா. சுற்றிலும் பெரும்பாலும் ஆந்திர எல்லை. மழை கண்ணாமூச்சி காட்டும் பூமி. வறட்சிப் பகுதி என்று அரசாங்கம் அறிவிக்காத ஆண்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிணற்றில் கிடைக்கிற தண்ணீரிலும் புளோரைடு.

அங்கே ஐந்து கிராமங்களைச் சேர்த்து 13 ஆயிரம் ஏக்கரில் சோலார் பேனல்களைப் பரப்பியிருக்கிறார்கள். மொத்தம் 2,050 மெகாவாட். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீல நிறம்தான்.

சேலத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மேட்டூர் அனல் மின் நிலையம் முழுவதும் சேர்ந்தே 1,440 மெகாவாட்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேட்டூரில் ராத்திரியும் அடுப்பு எரியும். பாவகடாவில் பொழுது சாய்ந்தால் மின்சாரமும் சாய்ந்துவிடும்.

2015-ல் கர்நாடக அரசும் மத்திய அரசு நிறுவனமும் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்கின. 2018 மார்ச் மாதம் அப்போது முதல்-மந்திரியாக இருந்த சித்தராமையா தொடங்கி வைத்தார். 2019 முடிவதற்குள் முழுத் திட்டமும் நிறைவேறியது.

இதில் புதுமை என்னவென்றால், நிலத்தை அரசாங்கம் பிடுங்கவில்லை. விலைக்கும் வாங்கவில்லை. குத்தகைக்கு எடுத்தது. சுமார் 2,300 விவசாயிகள் 28 ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பட்டா அவர்கள் பெயரிலேயே இருக்கிறது.

ஏக்கருக்கு ஆண்டுக்கு 21 ஆயிரம் ரூபாய் குத்தகை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 5 சதவீதம் உயரும்.

ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம். மாதக் கணக்கில் 8,750 ரூபாய். கடலை போட்டு, மழை பொய்த்து, விதைக்காசும் போய், வட்டிக் கடைக்கு நடந்தவர்களுக்கு இது பெரிய காசு. இத்தனை நாளும் வானத்தைப் பார்த்து விதைத்தவனுக்கு, வானமே சம்பளம் கொடுத்த மாதிரி!

ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை சதவீதம். அரிசி, பருப்பு விலை அதைவிட வேகமாக ஏறும். 28 ஆண்டு முடிகிற நேரத்தில் ஏக்கர் குத்தகை ஏறக்குறைய 39 ஆயிரத்து 600 ரூபாயாக இருக்கும். அந்த நாளில் அந்தப் பணத்துக்கு என்ன வாங்க முடியும் என்பது வேறு கேள்வி.

நிலம் இல்லாதவன்

குத்தகை நிலக்காரனுக்கு. நிலம் இல்லாதவனுக்கு?

களை எடுக்கவும் கடலை பறிக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்த ஐந்து கிராமங்களிலும் உண்டு. பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஆடு மேய்த்துப் பிழைத்தவர்களும் உண்டு. நிலத்தைச் சுற்றி வேலி வந்ததும் களை வேலை போயிற்று, மேய்ச்சல் போயிற்று. அவர்கள் கையில் குத்தகைப் பணமும் கிடையாது. அங்கு போய் வந்த பத்திரிகைக்காரர்களும் ஆராய்ச்சி செய்தவர்களும் திரும்பத் திரும்ப எழுதியது இதைத்தான்.

வேலையே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. புல் வெட்டும் வேலை, பேனல் கழுவும் வேலை, வாட்ச்மேன் வேலை. எல்லாம் கான்டிராக்டர் மூலம். அதுவும் எத்தனை பேருக்கு?

கட்டும்போது கூட்டம்

சோலார் நிலையத்தின் குணமே அதுதான். கட்டும்போது திருவிழாக் கூட்டம். கட்டி முடித்தால் வெறிச்சோடிவிடும்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையத்தைக் கட்டினார்கள். 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். எட்டே மாதத்தில் முடித்தார்கள். சுமார் 8,500 பேர் வேலை செய்ததாக அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொன்னது.

கட்டி முடித்த பிறகு பேனலைத் துடைப்பது யார் தெரியுமா? ரோபோ! ராமநாதபுரம் புழுதி பேனல் மேல் படிந்தால் மின்சாரம் குறையும். ஆகையால் தினமும் துடைக்க வேண்டும். அந்த வேலைக்கும் மனிதக் கை வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெயில் தானாக அடிக்கிறது. நிலக்கரி வெட்ட ஆள் வேண்டும், சுமக்க ஆள் வேண்டும், கொட்ட ஆள் வேண்டும். வெயிலுக்கு வேண்டாம். மின்சாரம் மலிவாகக் கிடைக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் "லட்சக்கணக்கில் பசுமை வேலை" என்ற அறிவிப்பை நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வேலை இருக்கும் இடம்

அப்படியானால் வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் வயலில் இல்லை. கூரை மேல் இருக்கிறது.

டெல்லியில் உள்ள சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆராய்ச்சி அமைப்பும் என்.ஆர்.டி.சி. என்ற அமைப்பும் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கணக்குப் போட்டன. ஒரு மெகாவாட் நிறுவ எத்தனை பேருக்கு ஓராண்டு முழு வேலை கிடைக்கும்? நிலத்தில் பரப்பும் பெரிய சோலார் நிலையம் என்றால் சுமார் மூன்றரைப் பேருக்கு. காற்றாலை என்றால் ஒன்றேகால் பேருக்கு. வீட்டுக் கூரையில் போடும் சோலார் என்றால் ஏறக்குறைய 25 பேருக்கு!

ஏழு மடங்கு. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஒரு மெகாவாட் என்பது மூன்று கிலோவாட் வீதம் சுமார் 330 வீடு. 330 வீட்டுப் படி ஏற வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் மாடியை அளக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டுத் தென்னை மூன்று மணிக்கு மறைக்குமா என்று பார்க்க வேண்டும். இரும்புச் சட்டம் அடித்து, பேனலை ஏற்றி, ஒயர் இழுத்து, எர்த் போட்டு, மீட்டர் மாற்ற மின்சார ஆபீசுக்கு நடக்க வேண்டும். ரோபோவை ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஏற்ற முடியாது.

பெங்களூரில் மாடிக்கு மாடி வெந்நீர் சோலார் இருக்கிறதே, அதைப் பொருத்தியே குடும்பம் நடத்துகிற பிளம்பர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் விஷயம் விளங்கும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூரியகர் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் வைப்பது குறிக்கோள். ஒதுக்கிய பணம் 75 ஆயிரம் கோடிக்குச் சற்று மேல். இதனால் சுமார் 17 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்பது அரசின் மதிப்பீடு. மதிப்பீடு என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

நாடு முழுவதும் சோலார் மின்சாரம் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், நாட்டின் மின் நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்ற நிலை வந்தது. 2030-ஆம் ஆண்டுக்குச் சொன்ன இலக்கு அது. ஐந்து ஆண்டு முன்னதாகவே வந்துவிட்டது. உற்பத்தியாகும் யூனிட் கணக்கில் இன்னும் நிலக்கரிதான் ராஜா.

ஊரில் சொந்த வீடு

இங்கே வாடகைக்குக் குடியிருந்தாலும், வேலூரிலோ தர்மபுரியிலோ பாடுபட்டு ஒரு மாடி வீடு கட்டி வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தும்.

ஒரு கிலோவாட்டுக்கு மாடியில் நூறு சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் போட்டால் மாதம் 350 யூனிட் வரை எதிர்பார்க்கலாம்.

முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30 ஆயிரம் ரூபாய் மானியம். மூன்றாவதுக்கு 18 ஆயிரம். ஆக மொத்தம் 78 ஆயிரம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். மூன்று கிலோவாட்டுக்கு மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தில் இருந்து இரண்டு லட்சம் வரை ஆகலாம்.

பணம் முதலில் கைக்கு வராது. வேலை முடிந்து, மின்வாரியம் பார்த்து, மீட்டர் மாற்றிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். "முன்பணம் கொடுங்கள், மானியம் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று சொல்கிறவர் திட்டத்தில் பதிவு செய்தவர்தானா என்று பார்த்துவிட்டுப் பையைத் திறப்பது புத்திசாலித்தனம்.

அணைக்க முடியாத மின்சாரம்

கூரை வேலையில் இரண்டு ஆபத்து. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. விழுந்தால் எலும்பு தேறாது. இடுப்பில் கட்டும் பெல்ட் போதாது. தோளையும் தொடையையும் சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வேண்டும். அதைக் கட்டுவதற்கு உறுதியான பிடிப்பும் வேண்டும். தகரக் கூரையில் கால் வைக்கிறவன் இதை இரண்டு தடவை கேட்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, வீட்டு ஒயரிங் நன்றாகத் தெரிந்தவர்களையே ஏமாற்றிவிடும். வீட்டில் வேலை என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடலாம். சோலார் பேனலை அணைக்க முடியாது. வெயில் பட்டால் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு பேனலில் 40, 50 வோல்ட்தான் என்று அலட்சியமாக நினைக்கலாம். பத்துப் பேனலைத் தொடராக இணைத்தால் 400, 500 வோல்ட்.

அதுவும் டி.சி. மின்சாரம். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்பும். அதனால் தீப்பொறி விழுந்தாலும் அறுந்துவிட வாய்ப்பு உண்டு. டி.சி. அப்படித் திரும்பாது. மின்சாரம் ஓடுகிறபோது இணைப்பைப் பிடித்து இழுத்தால் பொறி அறாமல் எரிந்துகொண்டே நிற்கும். கையும் வேகும், கூரையும் பற்றும்.

இருபது ஆண்டு அனுபவம் உள்ள எலக்ட்ரீஷியனும் இந்த ஒரு பாடத்தைப் புதிதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இதற்காகவே 2015-ல் "சூரியமித்ரா" என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். குர்காவ் அருகே உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்திய திட்டம். 600 மணி நேரப் பாடம், கட்டணம் இல்லை. பத்தாவது தேறி, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஒயர்மேன், பிட்டர் போன்ற பிரிவு படித்தவர்களுக்கு ஏற்றது. இப்போது சூரியகர் திட்டத்திலும் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த ஊரில், எப்போது வகுப்பு என்பது மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் விசாரித்தால் தெரியும்.

ஆள் எடுக்கிறார்கள்

வேலைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் இல்லை. "யார் சம்பளம் கொடுக்கிறார்?" என்பதுதான். பெரிய கம்பெனியின் பெயர் சட்டையில் இருக்கும். சம்பளம் கொடுப்பது கான்டிராக்டராக இருப்பார். அந்தக் கான்டிராக்டருக்குக் கீழே இன்னொரு கான்டிராக்டர் இருப்பார். விபத்து நடந்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பி.எப். உண்டு. பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி திறந்திருக்கும். பி.எப். பிடித்தம் செய்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்பதை மாதத்துக்கு ஒரு முறை செல்போனிலேயே பார்த்துவிடலாம். வேலை மாறினாலும் யு.ஏ.என். எண் மாறாது. அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் மூன்று கம்பெனி மாறி, பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து சில்லறை வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் கிடைக்காது. அவர்களுக்குக் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 வயதில் இருந்து 60 வயதுக்குள், ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று இருந்தால் பதிவு செய்யலாம். வெளிமாநிலத்துக்காரர் என்பதால் விலக்கி வைக்க முடியாது.

பெண்களுக்கு

மானியம் வாங்கும் வீடுகளில் இந்தியாவில் செய்த பேனலைத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. இதனால் பேனல் தொழிற்சாலைகள் பெருகி வருகின்றன. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாட்டா நிறுவனத்தின் பெரிய சோலார் தொழிற்சாலை இயங்குகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

பெங்களூருக்கும் இது புதிதில்லை. 1989-லேயே டாட்டாவும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியும் கூட்டாக இங்கே சோலார் தொழிலில் இறங்கின. அப்போது அதை விளையாட்டுச் சாமான் மாதிரி பார்த்தவர்கள்தான் அதிகம்.

தொழிற்சாலை வேலைக்கு டிப்ளமா அல்லது ஐ.டி.ஐ. கேட்பார்கள். பிளஸ்-2 முடித்த பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பதும் உண்டு. ஷிப்ட் முறை, விடுதி, பஸ் வசதி பற்றி எழுத்தில் வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்புவது பெற்றோருக்கு நிம்மதி.

விண்ணப்பிக்க

கூரை சோலாருக்கு விண்ணப்பம் பி.எம். சூரியகர் இணையதளத்தில்தான். மின் இணைப்பு எண், கடைசி மின்கட்டண ரசீது, ஆதார், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் வீடு இன்னும் அப்பா பெயரில் இருந்து, அவர் காலமாகியிருந்தால், முதலில் மின் இணைப்பைப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வாரிசுச் சான்றிதழையும் வீட்டு வரி ரசீதையும் கையோடு எடுத்துக்கொண்டு போனால், ஒரு நடையில் வேலை முடியும்.